முகதாட்சண்யமும் அந்தியோகியாவின் பந்தியும்



ஒரு பள்ளி ஆசிரியையின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறது. சபைக் கமிட்டியில் நெடுங்காலம் இருந்தவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர், ஆனால் சரியில்லை என்று மனதில் பட்ட தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதவர் என்று இந்த அறக்கட்டளையை நிறுவிய அவருடைய குடும்பத்தார் எனக்கு எழுதியிருந்தார்கள். தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். அந்தக் கையெழுத்தைப் போடாமல் இருப்பதற்கு ஒரு மனிதருக்கு எங்கிருந்து பலம் வருகிறது என்பதைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தேன்.

எல்லாரையும் திருப்திப்படுத்தி வாழப் பார்க்கிற பழக்கத்தை நம் வீடுகளில் யாரும் குறையாகச் சொல்வதில்லை. எதைச் சொன்னாலும் மறுபேச்சுப் பேசாத பிள்ளை நல்ல பிள்ளை. கேட்ட உதவிக்கெல்லாம் தலையாட்டுகிறவர் தங்கமான மனுஷர். கிறிஸ்தவ வீடுகளில் இதற்கு ஒரு ஆவிக்குரிய பெயரும் கிடைத்துவிடுகிறது: தாழ்மை. முகதாட்சண்யத்துக்காக ஒத்துக்கொண்டதையெல்லாம் அன்பினால் செய்ததாக நாமே நம்பத் தொடங்குகிறோம். அது அன்பு இல்லை, பயம் என்று வேதம் பல இடங்களில் காட்டுகிறது. அந்தப் பயத்துக்கு விலை கொடுக்கிறவர் பெரும்பாலும் பயந்தவர் இல்லை, பந்தியில் இடமில்லாத வேறொருவர் என்பதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்க வந்த செய்தி.

நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற எண்ணத்தையே நான் பழிக்க வரவில்லை. நம் ஊர்களில் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நடுவதும், சாவு வீட்டில் பெட்டியைத் தூக்குவதும், நடுராத்திரி பிரசவத்துக்கு வண்டி பிடித்துத் தருவதும் அந்த நாலு பேர்தான். அவர்களை மதிப்பது மனிதத்தன்மை. ‘யார் என்ன சொன்னால் எனக்கென்ன’ என்று தனித்து நிற்பதைச் சுவிசேஷம் எங்கேயும் புகழவில்லை. அதனால் இது எளிதில் தீர்க்கக்கூடிய கேள்வி இல்லை. பேதுருவுக்கே எளிதாக இருக்கவில்லை.

அந்தியோகியாவுக்குப் போவோம். ஒரோந்தஸ் ஆற்றங்கரையில், ரோமச் சிரியாவின் தலைநகரம் அது. ரோமுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்த பெருநகரம் என்று சொல்லப்பட்டது. இன்று துருக்கியில் அந்தாக்கியா. எருசலேமிலிருந்து உபத்திரவத்தால் சிதறியவர்களில் சீப்புரு தீவாரும் சிரேனே பட்டணத்தாரும் அங்கே வந்து, யூதரல்லாத கிரேக்கரிடமும் இயேசுவைப் பற்றிப் பேசினார்கள். சபை உண்டானது. எருசலேம் சபை பர்னபாவை அனுப்பிப் பார்க்கச் சொன்னது. அவர் தர்சுவுக்குப் போய்ச் சவுலை, அதாவது பவுலை, தேடி அழைத்துவந்தார். ஒரு வருஷம் இருவரும் அங்கே போதித்தார்கள். விசுவாசிகளுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வழங்கியது அந்த ஊரில்தான். யூதர் ஒரு பக்கம், புறஜாதியார் ஒரு பக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு கூட்டத்துக்குப் புதுப் பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

அவர்கள் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை மேல்நாட்டு வியாக்கியானக்காரர்கள் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருக்கிறது. நமக்கு விளக்கத் தேவையில்லை. நெல்லைச் சீமைச் சபைகளில் அசனப் பண்டிகை நடக்கும்போது பாருங்கள். கோயில் வளாகத்தில் பெரிய பெரிய அண்டாக்களில் சோறு வெந்துகொண்டிருக்கும். அடுப்புப் புகையில் கண் எரிய, கரண்டி பிடித்து நிற்கிறவரின் சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். பந்தியில் இலை விழுந்ததும் பெரியவர்களின் கண் முதலில் சோற்றுக்குப் போகாது, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்குப் போகும். அந்த ஒரு பார்வையை அறிந்தவர்களுக்கு அந்தியோகியா தூரத்து ஊர் இல்லை.

பேதுரு அங்கே வந்திருந்தபோது புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவந்தார். அப்புறம் எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தார்கள். விருத்தசேதனக்காரருக்குப் பயந்து பேதுரு மெல்ல விலகினார். மற்ற யூத விசுவாசிகளும் அவரோடு சேர்ந்து விலகினார்கள். பர்னபாவும் அந்த மாய்மாலத்தில் இழுபட்டுப் போனார் என்று கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் எழுதும்போது அந்த வேதனை தெரிகிறது. அந்தச் சபையை வளர்த்தவர் அல்லவா பர்னபா? தன் கையால் ஊன்றி வளர்த்த பந்தியிலிருந்து அவரே எழுந்து போகிறார்.

பேதுருவுக்குத் தெரியாதா? யோப்பாவில் மேல்வீட்டில் ஜெபித்தபோது தரிசனம் கண்டவர் அவர். செசரியாவில் கொர்நேலியு என்ற ரோம நூற்றுக்கு அதிபதியின் வீட்டுக்குள் போனவர் அவர். விருத்தசேதனமில்லாதவரோடு ஏன் சாப்பிட்டாய் என்று எருசலேமில் விசாரித்தபோது நடந்ததை வரிசையாகச் சொல்லி அவர்களை ஒப்புக்கொள்ள வைத்தவரும் அவரே. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஆலோசனைச் சங்கத்தின் முன் நிறுத்தப்பட்டபோது, மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிட தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று சொன்னவரும் இதே பேதுருதான். பிரதான ஆசாரியரின் முகத்துக்கு நேரே நிமிர்ந்து நின்றவர், தன் சொந்தச் சகோதரர்கள் வாசலில் வந்து நின்றதும் தளர்ந்துபோனார். எதிரிகள் முன் தைரியமாக இருப்பது சிலருக்கு முடிகிறது. நம்மை நேசிக்கிறவர்கள், நம்மை மதிக்கிறவர்கள், நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள், அவர்கள் முன்னால்தான் நமக்குக் கால் நடுங்குகிறது.

பேதுரு உபதேசத்தில் எதையும் மாற்றியதாகப் பவுல் எழுதவில்லை. இடத்தை மாற்றினார், அவ்வளவுதான். வந்தவர்களின் மனம் நோகக்கூடாது என்று அவர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லியிருக்கலாம். அந்தச் சமாதானத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்? நேற்றுவரை கூட உட்கார்ந்து அப்பம் பிட்ட அப்போஸ்தலர் இன்று வேறு மூலையில் இருக்கிறார் என்பதைப் பார்த்துக்கொண்டு, கையில் எடுத்ததை வாயில் வைக்க முடியாமல் இருந்த புறஜாதி விசுவாசிகள் கொடுத்தார்கள். அவர்கள் பெயர் ஒன்றுகூட நிருபத்தில் இல்லை. பவுல் அவர்களுக்காகத்தான் எல்லார் முன்னிலையிலும் முகமுகமாகப் பேதுருவை எதிர்த்தார்.

இந்தப் பகுதி பிற்காலத்தவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டு பெரிய அப்போஸ்தலர்கள் பொதுவில் மோதிக்கொள்வதா? பெத்லகேமில் இருந்த ஜெரோம், அது சபையின் நன்மைக்காக இருவரும் அறிந்தே செய்த பாசாங்கு என்று விளக்கம் எழுதினார். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போவிலிருந்த அகுஸ்தீன் அதை ஏற்கவில்லை. பவுல் உண்மையில்லாததை எழுதினார் என்றால் வேதத்தின் எந்த வரியை நம்புவது என்று கேட்டு எழுதினார். கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் போயின. நான் அகுஸ்தீன் பக்கம். பேதுரு உண்மையாகவே தவறினார். சபையின் தூண்கூட முகதாட்சண்யத்தால் தவறும் என்பதை மறைக்காமல் எழுதிவைத்தது நமக்குப் பெரிய உபகாரம்.

இதே விலையைச் சுவிசேஷங்களில் வேறு இடங்களிலும் பார்க்கிறோம். ஏரோது அந்திப்பா யோவான் ஸ்நானனை வெறுக்கவில்லை. அவர் பேசுவதை விருப்பத்தோடு கேட்டவன் என்று மாற்கு எழுதுகிறார். பிறந்தநாள் விருந்து, பிரபுக்கள், சேனாதிபதிகள், கலிலேயாவின் பெரிய மனிதர்கள், ஒரு பெண்ணின் நடனம், யோசிக்காமல் செய்த சத்தியம். அவள் யோவானின் தலையைக் கேட்டபோது ஏரோது மிகவும் துக்கப்பட்டான். துக்கப்பட்டாலும் கூட இருந்தவர்களின் முகத்துக்காகச் சேவகனை அனுப்பினான். விருந்துக்கு அழைக்கப்படாமல் சிறையில் இருந்த யோவான் விலை கொடுத்தார். பிலாத்து கதை உங்களுக்குத் தெரியும். குற்றமில்லை என்று தெரிந்தே ஜனங்களைத் திருப்திப்படுத்த இயேசுவை ஒப்புக்கொடுத்தான்.

இந்த இருவரையும்விட என்னை அதிகம் வருத்துகிறவர்கள் யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் பெற்றோர். பிறவிக் குருடனான மகன் பார்வை பெற்று வந்திருக்கிறான். தாய் தகப்பனுக்கு அதைவிடப் பெரிய நாள் எது? ஆனால் இயேசுவைக் கிறிஸ்து என்று சொல்கிறவரை ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்குவதென்று தீர்மானம் இருந்தது. அவர்கள் விசாரணையில், இவன் எங்கள் மகன், குருடனாகப் பிறந்தான், மற்றது தெரியாது, வயசு வந்தவன், அவனையே கேளுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். முதல் முறையாக அம்மாவின் முகத்தைக் கண்ணால் பார்த்த நாளில் அந்த முகம் திரும்பிக்கொண்டது. மகன் தனியாக நின்று பதில் சொல்லி, தனியாக வெளியே தள்ளப்பட்டான். இயேசு அதைக் கேள்விப்பட்டு அவனைக் கண்டுபிடித்தார் என்று யோவான் எழுதுகிறார். வெளியே தள்ளப்பட்டவன் இருக்கும் இடத்துக்கு அவர் தேடிப் போகிறார்.

நம் மண்ணில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெட்ரிக் அனுப்பிய மிஷனரிகள் சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடிக்கு வந்தார்கள். தமிழ் அச்சுக்கும் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்புக்கும் சீகன்பால்க் செய்ததை நாம் கொண்டாடுகிறோம். அவர் சிறையிருந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. நாவிதர் ஒருவரின் விதவைக்கு ஒரு கடன் வழக்கு இருந்தது. எதிர்த்தரப்பில் டேனிஷ் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த ஒருவர். சீகன்பால்க் அந்தப் பெண்ணுக்காகப் பேசப்போனார். தளபதி ஹாசியஸ் 1708 கடைசியில் அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார். நாலு மாதம் உள்ளே இருந்தார். அப்போது அவருக்கு வயது 26. கோட்டையும் துறைமுகமும் தளபதியின் கையில். தளபதியைத் திருப்தியாக வைத்துக்கொண்டால் ஊழியம் தடையில்லாமல் நடக்கும், ஆயிரம் ஆத்துமாக்களுக்காக ஒரு கடன் வழக்கை விட்டுக்கொடுக்கலாம் என்று அவருக்கு யாரும் யோசனை சொல்லியிருந்தால் அது புத்திசாலித்தனமாகவே கேட்டிருக்கும். ஊழியத்தின் நன்மைக்காக என்று தொடங்கும் யோசனைகளை நாம் கவனமாகக் கேட்க வேண்டும்.

அதே தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பின்னால் வளர்ந்த சபைகளில் சாதிவாரியாக விலகி உட்கார்ந்தார்கள். ஜனங்கள் போய்விடுவார்களே, பொறுமையாகத் திருத்தலாம் என்று பல மிஷனரிகள் விட்டுவைத்தார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டும் என்று எழுதியபோது பலர் சபையை விட்டே விலகினார்கள். விலகியவர்களின் எண்ணிக்கையைச் சரித்திரக்காரர்கள் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் அத்தனை காலம் கோயிலுக்குள் தனியே உட்கார வைக்கப்பட்டவர்களின் மனக்கணக்கை யார் எழுதினார்கள்? இன்றும் தமிழ்நாட்டில் சில கல்லறைத் தோட்டங்களுக்குள் பிரிவினை நிற்கிறது. அதை எடுக்கலாம் என்று தனியாகப் பேசும்போது ஒத்துக்கொள்கிற அதே கமிட்டி, கூட்டமாக உட்கார்ந்ததும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறது. அந்தியோகியாவில் நடந்தது இதுதான்.

வீட்டுக்குள் வருகிறேன். இங்கே இருக்கும் ஆயர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண் தோளில் ஒரு பையோடு அப்பா வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். புடவைத் தலைப்பை இழுத்துக் கையை மூடியிருக்கிறாள். தாய் அந்தக் கையைப் பார்த்துவிடுகிறாள். பார்த்துவிட்டு, “தங்கச்சிக்கு வேற பேசிட்டிருக்கோம்மா. ஞாயித்துக்கிழமை கோயில்ல நாலு பேரு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?” என்கிறாள். அந்தத் தாய் கொடியவள் இல்லை. சமையலறைக்குள் போய் அழுகிறவள்தான். ஆயரை அழைக்கிறார்கள். அவர் ஒரு அதிகாரம் வாசித்து, ஜெபித்து, பொறுத்துப்போகச் சொல்லி, சாயங்காலமே அவளை வண்டியேற்றி அனுப்பிவைக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் சேகரத்தில் முக்கியமானவர்கள். எல்லாருடைய முகமும் காப்பாற்றப்பட்டுவிட்டது, அவளுடைய முகத்தைத் தவிர.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 181 என்ற உதவி எண் இருக்கிறது. ஆயர்களாகப் போகிற மாணவர்கள் இரண்டையும் மனப்பாடமாக வைத்திருங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மனுஷரைப் பிரியப்படுத்தாதிருங்கள் என்ற பிரசங்கம் பெரும்பாலும் தவறான ஆட்களின் காதில் விழுகிறது. மாமியாருக்குப் பயப்படும் மருமகள், முதலாளிக்குப் பயப்படும் தினக்கூலிக்காரர், ஆயரம்மாவுக்குப் பயப்படும் கோயில்பிள்ளை, இவர்கள் தலையாட்டுவது பிழைப்பதற்காக. மறுத்துப் பேசினால் அவர்களுக்குச் சோறு போகும், வேலை போகும், சில வீடுகளில் உயிரும் போகும். அவர்கள் கேட்கும்படி ‘தைரியமாக மறுத்துச் சொல்லப் பழகு’ என்று சொல்லிவிட்டுப் போவது இரக்கமில்லாத காரியம். அந்தியோகியாவில் பவுல் புறஜாதி விசுவாசிகளிடம் போய், அவர்கள் எழுந்து போனதைப் பொருட்படுத்தாதீர்கள், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று ஆலோசனை சொன்னதாக எழுதவில்லை. எழுந்து போன பெரியவரிடம் போனார்.

அப்படியானால் பவுல் யாரையுமே பிரியப்படுத்தவில்லையா? எல்லாருக்கும் எல்லாமானேன் என்ற பொருளில் கொரிந்தியருக்கு எழுதியவர் அவர்தானே? பிறனுடைய நன்மைக்காக அவனைப் பிரியப்படுத்த வேண்டும் என்று ரோமருக்கும் எழுதினாரே? இந்தக் கேள்வி சரியான கேள்வி. பதில் இரண்டு வாலிபர்களின் கதையில் இருக்கிறது. லீஸ்திராவில் பார்த்த தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண், தகப்பன் கிரேக்கன். அந்தப் பகுதி யூதரை முன்னிட்டுப் பவுல் அவனுக்கு விருத்தசேதனம் செய்தார். தீத்து கிரேக்கன். எருசலேமில் அவனுக்கும் செய்ய வேண்டும் என்ற நெருக்குதல் வந்தபோது ஒரு நாழிகைகூட இணங்கவில்லை. செய்தவரும் மறுத்தவரும் ஒரே பவுல், சடங்கும் ஒன்றே. தீமோத்தேயு விஷயத்தில் விட்டுக்கொடுத்ததால் ஒரு கதவு திறந்தது, யாரும் வெளியே போகவில்லை. தீத்து விஷயத்தில் விட்டுக்கொடுத்திருந்தால், விருத்தசேதனமில்லாத ஒவ்வொரு விசுவாசியும் பாதிக் கிறிஸ்தவர் ஆகியிருப்பார். நான் இணங்கினால் யார் வெளியே நிற்க வேண்டியிருக்கும் என்ற ஒரு கேள்வியைக் கமிட்டி அறையிலும் கல்யாணப் பேச்சிலும் கேட்டுப் பழகினால், எங்கே வளைவது எங்கே நிற்பது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தெரிந்தால் போதுமா? பேதுருவுக்குத் தெரிந்திருந்தது. பலம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் மிச்சமிருக்கிற கேள்வி.

விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல் என்று நாம் ஞாயிறு பள்ளியிலிருந்து மனப்பாடம் செய்துவருகிறோம். கலாத்தியர் நிருபத்தில் பவுல் அந்த உபதேசத்தை எந்த இடத்தில் தொடங்குகிறார் என்று பாருங்கள். பேதுருவோடு நடந்த இந்தச் சாப்பாட்டுத் தகராற்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் போகிறார். யார் யாரோடு சாப்பிடலாம் என்ற கேள்விக்கு அவர் தரும் பதில் அதுதான். தேவன் என்னை ஏற்றுக்கொண்டார் என்ற தீர்ப்பு கிறிஸ்துவின் நிமித்தம் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருக்கிறவர், வாசலில் வந்து நிற்கும் நாலு பேரிடம் இன்னொரு தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பேதுரு அன்றைக்கு அதை மறந்தார்.

இயேசுவின் வாழ்க்கையிலும் வரிசை அப்படித்தான். யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது நேசகுமாரன் என்ற குரல் வானத்திலிருந்து கேட்டது. மாற்கு முதல் அதிகாரத்தில் சொல்லும் வரிசையில் அதுவரை அவர் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு நோயாளியையும் சொஸ்தமாக்கவில்லை. பிரியம் முதலில், வேலை அப்புறம். அதே அதிகாரத்தில் கப்பர்நகூமில் ஊர் முழுவதும் வாசலில் கூடியது. மறுநாள் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்கு ஜெபிக்கப் போனார். சீமோனும் கூட்டாளிகளும் பின்னாலேயே ஓடிவந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்றார்கள். ஊழியக்காரர்கள் கேட்க ஏங்குகிற வார்த்தை அது. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று சொல்லி அவர் புறப்பட்டார். அந்த வாசலில் இன்னும் சில நோயாளிகள் காத்திருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். எல்லாருடைய எதிர்பார்ப்பையும் நிறைவேற்றுவது தேவகுமாரனுடைய வேலையாகவே இருக்கவில்லை என்றால், ஓய்வில்லாமல் ஓடித் தேய்ந்துபோகும் நம் இளம் ஆயர்கள் அதை நினைத்துக் கொஞ்சம் உட்காரலாம்.

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். நம்மிடையே, ‘ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்ற பதில் மிகவும் புழக்கத்தில் இருக்கிறது. உண்மையாகவே ஜெபிக்கப் போகிறவர் சொன்னால் அது நல்ல பதில். முடியாது என்று முன்பே தெரிந்திருந்தும், எதிரில் இருப்பவரின் முகம் வாடக்கூடாது என்பதற்காகச் சொன்னால், நம் பயத்துக்கு ஆண்டவருடைய நாமத்தை மறைப்பாகப் பிடிக்கிறோம். கேட்டவரும் நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பார். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று பேசும்படி ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் கற்றுக்கொடுத்திருக்கிறார். “இந்த மாதம் என்னால் முடியாதுண்ணே, வேற ஆளைப் பாருங்க” என்று அன்போடு, சிரித்த முகத்தோடு, காரணங்களை அடுக்காமல் சொல்லலாம். முதல் சில தடவை வயிற்றைக் கலக்கும். உறவு ஒன்றிரண்டு கொஞ்ச நாள் கசக்கும். கசந்தவை திரும்பி வருவதையும் நான் பார்த்திருக்கிறேன், வராமல் போனதையும் பார்த்திருக்கிறேன்.

பேதுரு அன்றைக்குப் பவுலுக்கு என்ன பதில் சொன்னார் என்று நிருபத்தில் இல்லை. ஆனால் பேதுருவின் பெயரால் நம்மிடம் உள்ள இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், பவுல் பிரியமான சகோதரன் என்று அழைக்கப்படுகிறார். எல்லார் முன்னிலையிலும் தன்னைக் கண்டித்த மனிதரைப் பற்றிச் சபை நினைவில் வைத்திருந்த பேதுருவின் வார்த்தை அது. உங்கள் சேகரத்தில் அப்படி முகத்துக்கு நேரே பேசக்கூடிய ஒருவர், பெரும்பாலும் ஒரு அம்மா, இருப்பார். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அவர் எழுந்தால் உட்காரச் சொல்லாதீர்கள். அவர் பேசி முடிக்கட்டும். கையெழுத்துப் போடும் ஏட்டை அப்புறம் சுற்றுக்கு விடலாம்.